இடது பக்கம் இழுக்கும் வண்டி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் நன்றாகக் கார் ஓட்டுவேன். "ஏதோ ஓட்டுவேன்" என்று பல வருடம் சொல்லிப் பார்த்தேன். அந்த அடக்கத்தால் எனக்கு ஒரு நன்மையும் விளையவில்லை.

முப்பத்தெட்டு வயதில்தான் கற்றுக்கொண்டேன். எங்கள் வீடு பாளையங்கோட்டையில். நான் கணக்கு டீச்சராக வேலை பார்க்கிற பள்ளிக்கூடம் ஆழ்வார்குறிச்சியில். அம்பாசமுத்திரம் வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். காலையில் சேரன்மகாதேவி தாண்டும்வரை உட்கார இடம் கிடைக்காது. ஒன்பது வருடம் அப்படி நின்றுகொண்டே போய் வந்த பிறகு, ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவரிடமிருந்து பதினான்கு வயதான ஒரு சின்னக் காரை வாங்கினேன். என் பணம், என் பெயர். சாம்பல் நிறம். பின்கதவு ஒன்று வெளியிலிருந்து திறக்காது. ஜன்னல் வழியாக உள்ளே கைவிட்டுத்தான் திறக்க வேண்டும். ஏ.சி. என்று ஒரு பொத்தான் இருந்தது, குளிர்தான் வராது. ஆனால் எஞ்சின் நல்ல எஞ்சின்.

எங்கள் பள்ளியிலேயே வேலை பார்க்கிற இரண்டு டீச்சர்கள் கூட வந்தார்கள். ஒருத்தி தமிழ் டீச்சர், என் வயது, என் பக்கத்து சீட்டில் உட்காருவாள். இன்னொருவர் அறிவியல் டீச்சர், எங்களுக்கு மூத்தவர். பின்சீட்டில் ஜெபத்தை முணுமுணுத்துக்கொண்டே வருவார். வீரவநல்லூர் தாண்டியதும் தூங்கிவிடுவார். என் ஓட்டுதலைப் பற்றி எனக்குக் கிடைத்த ஒரே நேர்மையான பாராட்டு அந்தத் தூக்கம்தான்.

என் கணவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. அவர் அலுவலகத்துக்கு ஸ்கூட்டரில் போகிறவர். ஆனால் யாருக்கு ஓட்ட வரும், யாருக்கு வராது என்பதில் அவருக்கு உறுதியான கருத்துகள் உண்டு. அவற்றை அவர் தன் அண்ணனிடமிருந்து வாங்கிக்கொண்டிருந்தார். அந்த அண்ணனை நான் அத்தான் என்று கூப்பிடுவேன். வளைகுடாவில் பதினோரு வருடம் டிரைவராக இருந்துவிட்டு வந்தவர், எங்கள் அடுத்த தெருவில் குடியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்ததும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. கறிக்குழம்பை நான் பரிமாறிக்கொண்டிருக்கும்போது அவர் ஆரம்பிப்பார்.

"வண்டி ஓட்டுததுக்கு ஒரு நிதானம் வேணும். பொம்பளையளுக்கு அது வராது. நான் குத்தமாச் சொல்லல, படைப்பே அப்படி."

என் கணவர் சிரிப்பார். நான் அவர் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றுவேன். அந்தக் கரண்டியை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிகிறது.

இந்த நிதானமான மனிதர் எங்கள் வீட்டு கேட்டை இரண்டு முறை இடித்திருக்கிறார். முதல் முறை, கேட் குறுகல். இரண்டாம் முறை, கேட்டை வைத்தவனுக்கு அளவு தெரியவில்லை. பக்கத்து வீட்டுத் தண்ணீர்க் குழாயை அவர் உடைத்தபோது, ரோட்டோரம் குழாய் வைக்கிறவனுக்கு அறிவில்லை. நான் ஒரே ஒரு முறை மார்க்கெட் பக்கம் ஓர் ஆட்டோவில் பக்கக் கண்ணாடியை உரசிவிட்டேன். அந்தக் கதை எங்கள் வீட்டில் மூன்று கிறிஸ்துமஸ் ஓடியது.

வாங்கி இரண்டு வருடம் ஆனபோது வண்டி இழுக்க ஆரம்பித்தது. சும்மா ஓடும்போது நேராகத்தான் போகும். பிரேக்கை மிதித்தால் மூக்கை இடது பக்கம் திருப்பும். மெதுவாக மிதித்தால் கொஞ்சம், அழுத்தி மிதித்தால் நிறைய. கணக்கு டீச்சரல்லவா, ஒரு வாரம் கவனித்தேன். வெறும் ரோட்டில், மேட்டில், இறக்கத்தில் எல்லாம் மிதித்துப் பார்த்தேன். எப்போதும் இடதுதான். வீட்டுப் பக்கத்து ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். அந்த மெக்கானிக் அத்தானுக்குப் பழக்கம் என்பதால் எங்கள் வண்டி அங்கேதான் போக வேண்டும் என்று ஏற்பாடு.

முதல் முறை, டயரில் காற்றுக் குறைவு என்றார். இரண்டாம் முறை, சக்கரத்தின் அலைன்மென்ட் சரியில்லை என்று எதையோ திருகினார். மூன்றாம் முறை போகும்போது என் கணவரும் கூட வந்தார். நான் பேசினேன். மெக்கானிக் அவரைப் பார்த்துப் பதில் சொன்னார்.

"சார், வண்டியில ஒண்ணும் இல்ல. மேடம் பிரேக்கப் பதறிப்போய் மிதிக்காவ. கையும் சேந்து திரும்பிருது. கொஞ்சம் பைய மிதிக்கச் சொல்லுங்க."

"நான் இங்கனதான் நிக்கேன். என்ட்டயே சொல்லுங்க," என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே துணியில் கையைத் துடைத்தார். "அதான மேடம் சொல்லுதேன்."

திரும்பி வரும்போது என் கணவர் சொன்னார்: "ஏளா, நீ கொஞ்சம் பதட்டக்காரிதான."

இதைக் கேட்டு நான் என்ன செய்தேன்? என் காலைப் பழக்கினேன். பள்ளிக்கூட மைதானத்தில் மாலையில் பத்து நாள், பிரேக்கைப் பூப்போல மிதித்துப் பழகினேன். ஸ்டியரிங்கை வலது பக்கம் லேசாகப் பிடித்துக்கொண்டு மிதித்தால் ஏறக்குறைய நேராக நின்றது. என் தப்பை நான் திருத்திக்கொண்டேன் என்று நினைத்தேன். கண்ணால் கண்டதை, ஒரு வாரம் சோதித்துப் பார்த்ததை, இரண்டு ஆண்கள் சொன்னதற்காக விட்டுக்கொடுத்தேன்.

அப்படி ஒன்றரை மாதம் போனது.

அது நாற்று நட்டு முடித்திருந்த சமயம். சாயங்காலம் பள்ளியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். சேரன்மகாதேவிக்கும் பத்தமடைக்கும் நடுவில், இரண்டு பக்கமும் வயல். ஐம்பதில்தான் வந்தேன். வலது பக்கத்து வயலிலிருந்து ஒரு வாத்துக் கூட்டம் திடீரென்று ரோட்டில் ஏறியது. இருநூறு வாத்தாவது இருக்கும். பைய மிதிப்பதற்கு நேரமில்லை. அழுத்தினேன்.

வண்டி இடது பக்கம் திரும்பியது. என் இரண்டு கையும் ஸ்டியரிங்கை வலது பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தன. அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வண்டி அதைக் கேட்கவில்லை. ரோட்டை விட்டு இறங்கி, கரையில் குலுங்கி, நட்டு நாலு நாள் ஆகாத வயலில் மூக்கைக் குத்தி நின்றது. கதவு வழியாகச் சேற்றுத் தண்ணீர் வந்தது. தமிழ் டீச்சர் முன்னால் கையை ஊன்றியிருக்கிறாள், மணிக்கட்டு முறிந்துவிட்டது. பின்சீட்டில் மூத்த டீச்சர் "கர்த்தாவே, கர்த்தாவே" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வாத்து மேய்க்கிறவர்தான் முதலில் ஓடிவந்தார். ஒவ்வொருவராகக் கைபிடித்துக் கரையேற்றிவிட்டார். ஒரு வாத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை.

தமிழ் டீச்சரை அந்த வழியாக வந்த ஒரு வேனில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தோம். டிராக்டர் வந்து வண்டியை இழுக்கும் நேரத்தில் என் கணவரும் அத்தானும் வந்து சேர்ந்தார்கள். ரோட்டில் ஒரு கூட்டம் கூடியிருந்தது. அத்தான் கூட்டத்துக்குக் கேட்கும்படி சொன்னார்:

"வாத்துக்குப் பயந்து வயல்ல விட்டுட்டா. நான் அன்னைக்கே சொன்னேன், ஹைவேஸ்ல இவகிட்ட வண்டிய குடுக்காதன்னு."

வாத்துக்காரர் இடையில் வந்தார். "இல்ல அண்ணாச்சி, நான் பாத்துக்கிட்டுத்தான நின்னேன். அந்தம்மா வலது பக்கமாத்தான் ஒடிச்சாவ. வண்டி தானா இங்கன திரும்பிட்டு."

"நீரு வாத்தப் பாரும் வே," என்றார் அத்தான்.

கூட்டம் சிரித்தது. நான் முழங்கால்வரை சேற்றோடு நின்றிருந்தேன். அந்த ரோட்டில் எனக்காகப் பேசிய ஒரே மனிதரின் வாயை அவர் அடைத்ததை நான் கேட்டுக்கொண்டு நின்றேன்.

மறுநாள் தமிழ் டீச்சரின் வீட்டுக்குப் போனேன். கையில் மாவுக்கட்டு. அவள் கணவர் வாசலிலேயே சொல்லிவிட்டார்: "இனிமே அவ பஸ்லயே வரட்டும் டீச்சர். தப்பா நெனைக்காதிய." நான் மன்னிப்புக் கேட்டேன். அவளிடம் கேட்டேன், அவள் கணவரிடம் கேட்டேன், உள்ளே இருந்த மாமியாரிடமும் கேட்டேன். அவள் தன் மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூத்த டீச்சரும் ஏதோ முதுகுவலி என்று சொல்லி பஸ்ஸுக்குப் போனார்.

நானும் பஸ்ஸுக்குப் போனேன். வண்டியின் நசுங்கிய மூக்கை நிமிர்த்தி, பெயின்ட் அடித்துக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சாவியை என் கணவர் அண்ணனிடம் கொடுத்தார். வண்டி சும்மா நின்றால் பாட்டரி போய்விடுமாம், அவர் அவ்வப்போது எடுத்து ஓட்டுவாராம். என் வண்டி எங்கள் தெருவில் போவதை நான் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

இரண்டு மாதம் கழித்து அத்தான் அந்த வண்டியில் குடும்பத்தோடு வள்ளியூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனார். நாங்குநேரி தாண்டி நாலுவழிச் சாலையில் முன்னால் போன லாரி வேகத்தைக் குறைத்தது. இவர் பிரேக் அடித்தார். வண்டி இடது பக்கம் திரும்பி, ஓரத் தடுப்பில் உரசிக்கொண்டே போய் நின்றது. கடவுள் புண்ணியத்தில் யாருக்கும் காயமில்லை. சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தார். காப்பி கொடுத்தேன். என் கணவர் மின்விசிறியைப் போட்டார். அவர் சொன்னார்:

"சனியன் புடிச்ச வண்டி இது. பிரேக்கே சரியில்ல. நான் இருந்ததால தப்பிச்சோம். வேற ஆளா இருந்தா இந்நேரம் தூக்கிட்டுல்லா வந்திருப்பாவ."

என் கணவர் தலையை ஆட்டினார். "பழைய வண்டில்லா. வித்துர வேண்டியதுதான்."

நான் சமையலறை வாசலில் நின்றிருந்தேன். என் குரல் நடுங்கவில்லை என்பதில் எனக்கு இன்றும் திருப்தி.

"அத்தான், நீங்க பதறிப்போய் மிதிச்சிட்டியளோ?"

அத்தான் டம்ளரைக் கீழே வைத்தார்.

"என்ன சொல்லுத?"

"இல்ல, கையும் சேந்து திரும்பியிருக்குமோன்னு கேட்டேன். ஒர்க்‌ஷாப்ல அப்படித்தான் சொன்னாவ. பைய மிதிக்கணுமாம்."

"பதினோரு வருசம் பாலைவனத்துல ஓட்டுனவன்ட்ட பேசுத பேச்சா இது?" என்று எழுந்தார். என் கணவர் அவர் பின்னாலேயே வாசல்வரை போனார். திரும்பி வந்து என்னிடம், "இந்த நேரத்துல இதக் கேக்கணுமா?" என்றார். வேறு எந்த நேரத்தில் கேட்பது என்று அவர் சொல்லவில்லை.

விற்பது என்று அவர்களே முடிவு செய்தார்கள். போனில் விளம்பரம் போட்டார்கள். அதை எனக்குக் காட்டவில்லை. எங்கள் பள்ளியில் வேறொரு டீச்சர் அதைப் பார்த்துவிட்டு, "ஒங்க வண்டிதான இது?" என்று போனை நீட்டினாள். அதில் எழுதியிருந்தது: "பெண் ஆசிரியர் மட்டுமே ஓட்டியது. பூப்போல வைத்திருந்த வண்டி."

ஓய்வறையில் உட்கார்ந்து அதை நாலைந்து முறை படித்தேன். ஓட்டும்போது நான் பொம்பளை என்பது வண்டிக்குக் கேடு. விற்கும்போது நான் பொம்பளை என்பது வண்டிக்குச் சிறப்பு. அன்று இரண்டு வகுப்பில் காரணமே இல்லாமல் பிள்ளைகளைத் திட்டினேன். அது என் தப்பு.

வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து ஒரு நர்ஸ் தன் அப்பாவோடு வண்டியைப் பார்க்க வந்தாள். திருநெல்வேலியில் வேலை, வேலை நேரம் மாறி மாறி வரும், பஸ் ஒத்துவரவில்லை என்றாள். அத்தான் ஏற்கெனவே என் கணவரிடம் சொல்லியிருந்ததை நான் கேட்டிருந்தேன்: "பிரேக் ஆயில மாத்தியாச்சி. கோயில் தெருவரைக்கும் நானே ஓட்டிக் காட்டுதேன். பைய ஓட்டுனா ஒண்ணும் தெரியாது. எடுத்துட்டுப் போனப்புறம் அவ பாடு." அப்படியே ஓட்டிக் காட்டினார். ஒன்றும் தெரியவில்லை.

அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "நீங்க ஓட்டுனதா டீச்சர்? அப்ப நம்பி எடுக்கலாம்."

"எடுக்காத," என்றேன். "இது பிரேக் அடிச்சா இடது பக்கம் இழுக்கும். ரெண்டு தடவ ரோட்ட விட்டுப் போயிருக்கு. ஒரு தடவ நான், ஒரு தடவ இந்தா நிக்காவள்லா, இவிய. என் கூட வந்தவ கை முறிஞ்சிட்டு. சரி பண்ணாம யாரு குடுத்தாலும் வாங்காத."

அவள் அப்பா அத்தானைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை. இரண்டு பேரும் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பினார்கள்.

அதற்குப் பிறகு வீட்டில் நடந்த சத்தத்தை எழுதப் போவதில்லை. குடும்ப மானம் என்ற சொல் பலமுறை வந்தது. ஒரு பெண்ணின் உயிர் என்ற சொல் ஒருமுறையும் வரவில்லை. அத்தான் சாவியை மேசையில் எறிந்தார். நான் எடுத்துக்கொண்டேன். வண்டிப் புத்தகத்தில் என் பெயர்தான் இருக்கிறது என்றேன்.

மறுநாள் சனிக்கிழமை. இரண்டாம் கியருக்கு மேல் போடாமல், நடக்கிற வேகத்தில் மேலப்பாளையத்துக்கு ஓட்டிக்கொண்டு போனேன். அங்கே ஒரு ஒர்க்‌ஷாப் இருப்பதாக எங்கள் பள்ளி கிளார்க் சொல்லியிருந்தார். ஐம்பது வயதிருக்கும் ஒரு பாய். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு என்னையே ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தார். காலியான ரோட்டில் இரண்டு முறை மிதிக்கச் சொன்னார். "போதும், திருப்புங்க," என்றார். வந்து முன்சக்கரங்கள் இரண்டையும் கழற்றினார். மொத்தமே கால்மணி நேரம்தான்.

வலது பக்கத்து பிரேக் கட்டையை என் கையில் கொடுத்தார். புதிதுபோலத் தடியாக இருந்தது. இடது பக்கத்துக் கட்டை தேய்ந்து வெறும் இரும்பாக இருந்தது. வலது பக்கம் கட்டையைத் தள்ளுகிற பிஸ்டன் துருப்பிடித்து இறுகிவிட்டதாம். நான் மிதித்தபோதெல்லாம் இடது சக்கரம் மட்டும்தான் நின்றிருக்கிறது.

"சக்கரத்தக் கழத்துனா சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்மா. யாருமே கழத்திப் பாக்கல போல," என்றார். பிறகு தலை நிமிர்ந்து கேட்டார்: "எத்தன நாளா இப்படி ஓட்டுனிய?"

சொன்னேன்.

"கூட ஆளையும் ஏத்திக்கிட்டா?" அவர் குரல் உயர்ந்தது. "ஒங்களுக்குத்தான் தெரிஞ்சிருக்குல்லா, வண்டி இழுக்குன்னு. ஓட்டுதவகளுக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்? அவன் சொன்னான், இவன் சொன்னான்னு ஓட்டலாமா? அல்லா காப்பாத்துனான்."

எனக்கு அழுகை வந்தது. இத்தனை நாளில் என்னைத் திட்டியவர்களில் சரியான காரணத்துக்காகத் திட்டியவர் அவர் ஒருவர்தான்.

அந்த இரண்டு கட்டைகளையும் செய்தித்தாளில் சுற்றி எடுத்துவந்தேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில், குழம்புச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். சண்டை முடியாவிட்டாலும் அத்தான் சாப்பிட வந்திருந்தார். கறி அவரைக் கொண்டுவந்துவிடும். இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அதான, நான் அன்னைக்கே சொன்னேன்லா, பிரேக்குதான்னு," என்றார்.

என் கணவர் "ஆமா, சொன்னிய," என்றார்.

அன்று நான் யாருக்கும் பரிமாறவில்லை. என் தட்டில் போட்டுக்கொண்டு பின்கட்டில் போய் உட்கார்ந்து சாப்பிட்டேன். அதற்குப் பிறகு இன்றுவரை ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டை அவரவர்தான் போட்டுக்கொள்கிறார்கள்.

வண்டியை நான் விற்கவில்லை. சரிசெய்த வண்டி கோடு போட்டதுபோல நேராக நின்றது. இன்னும் ஒன்றரை வருடம் ஓட்டினேன். பிறகு எஞ்சின் எண்ணெய் குடிக்க ஆரம்பித்ததும், அம்பாசமுத்திரத்துக்காரர் ஒருவருக்கு, எண்ணெய் குடிக்கும் என்று சொல்லியே விற்றேன். இப்போது வைத்திருப்பதும் பழைய வண்டிதான். வாங்கும் முன் நாலு சக்கரத்தையும் கழற்றிப் பார்த்தேன்.

இந்த ஆண்களின் மேல் எனக்கு இருப்பது சுலபமான கோபம். சுலபமில்லாத ஒன்றும் இருக்கிறது. கட்டைகளை எடுத்துக்கொண்டு நான் தமிழ் டீச்சரின் வீட்டுக்கும் போனேன். அப்போது அவளுக்கு மாவுக்கட்டு பிரித்திருந்தார்கள். வீட்டில் வேறு யாருமில்லை. மேசையில் வைத்துக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்," என்றாள். "நான் ஒன் பக்கத்துலதான இருந்தேன். நீ வலது பக்கம் இழுத்துப் பிடிச்சத நான் பாத்தேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

"யாருட்டச் சொல்ல? எங்க வீட்ல எல்லாரும் ஒன்னையத்தான் சொன்னாவ. மாத்திச் சொன்னா, மறுபடி அவ கூடப் போகத்தான் பாக்கன்னு சண்ட வரும். பேசாம இருந்துட்டேன்."

மூன்று பேரிடம் நான் மன்னிப்புக் கேட்டபோது அவள் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். கட்டைகளைத் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை காலையில் நான் காரில் போகும்போது அவள் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். நான் நிறுத்தவில்லை. மறுநாளும் நிறுத்தவில்லை. அந்த மாதம் முழுக்க நிறுத்தவில்லை. பிறகு ஒருநாள் நல்ல மழை. குடையை மீறி நனைந்துகொண்டு நின்றாள். நிறுத்தினேன். ஏறிக்கொண்டாள். பத்தமடை வரைக்கும் வைப்பரின் சத்தம் மட்டும்தான். அதற்குப் பிறகு அரையாண்டுத் தேர்வுக் கேள்வித்தாளைப் பற்றிப் பேசினோம்.

இப்போதும் அவள் என்னோடுதான் வருகிறாள். அந்தப் பேச்சை அவள் எடுத்ததில்லை, நானும் எடுத்ததில்லை. ஆனால் வாத்து ஏறிய அந்த இடம் வரும்போதெல்லாம், என் பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்க்காமல் நான் ரோட்டை மட்டுமே பார்த்து ஓட்டுகிறேன்.